பதினோரு நிமிஷத்தில் பூமி போன தூரம்

காலையில் எழுந்து, பல் தேய்த்து, கும்பகோணத்தில் பஸ் பிடித்து, இந்தப் பயிற்சிக் கூடத்தில் வந்து உட்காருவதற்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள்? முன்வரிசையில் ஒரு தங்கச்சி நாற்பது கிலோமீட்டர் என்கிறாள். கணக்கு சரிதான். ஆனால் சர்வேயராகப் போகிறவர்கள் அதோடு நின்றுவிடக் கூடாது. வீட்டில் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தே கிடந்திருந்தாலும், இந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் வந்திருப்பீர்கள். பூமி சூரியனைச் சுற்றி ஓடுகிற வேகம் நொடிக்கு முப்பது கிலோமீட்டர். டிக்கெட் கிடையாது, குலுக்கல் கிடையாது, ஜன்னலோரத்துக்குச் சண்டையும் கிடையாது.

எங்கள் காலத்தில் பயிற்சிப் பள்ளி வாத்தியார் ஒருவர் முதல் நாள் பாடமாக இதைத்தான் சொன்னார். நீங்கள் அளக்கப்போவது ஓடுகிற வண்டியை, அதற்குள் உட்கார்ந்துகொண்டேதான் அளக்க வேண்டும் என்றார். மூன்று வேகங்களை நோட்டில் எழுதச் சொன்னார். பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நம்ம காவிரிக்கரை நொடிக்கு நானூற்றைம்பது மீட்டர் சொச்சம் கிழக்கே போகிறது. சூரியனைச் சுற்றுவதில் நொடிக்கு முப்பது கிலோமீட்டர். சூரியனாவது சும்மா இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. நம்மையெல்லாம் குடும்பத்தோடு இழுத்துக்கொண்டு பால்வீதியில் நொடிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. எங்கே சார் போகுது என்று ஒருவன் கேட்டான். அது நம்ம டிபார்ட்மென்ட் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு அது பைத்தியம் மாதிரி பிடித்துக்கொண்டது. வேலைக்கு வந்த முதல் வருஷம் வரப்பில் நடக்கும்போதெல்லாம் நின்று நின்று பார்ப்பேன். சம்பாக் கதிர் தலை சாய்ந்து, ஒரு இலைகூட அசையாமல் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் போகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாது. எருமை ஒன்று மூக்கு மட்டும் வெளியே தெரிய முங்கிக் கிடக்கும். இத்தனையும் இந்த நிமிஷம் பறந்துகொண்டிருக்கிறது என்று நினைப்பேன். காலடியில் வரப்பு லேசாக நழுவுகிற மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். செயின்மேன், அதாவது அளவுச் சங்கிலி பிடிக்கிறவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். என்ன சார் மயக்கமா, காலையில் சாப்பிடவில்லையா என்று கேட்பார். உண்மையைச் சொன்னால் ஆபீஸ் முழுக்கப் பரப்பிவிடுவார். ஆமாம், சாப்பிடவில்லை என்று சொல்லிவைப்பேன்.

இப்படி மிதந்துகொண்டு திரிந்தவன் கையில்தான் ஒரு பெண்ணின் வீடு வந்து மாட்டியது.

எழுபதுகளின் ஆரம்பம். விவசாயக் கூலிகள் குடியிருக்கிற மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்த புதிது. அதுவரை பண்ணையாள் குடிசை போட்டிருந்தது மிராசுதார் நிலத்தில். அவர் எழுந்திரு என்றால் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். கூலித் தகராறு இல்லாத ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில் இல்லை. ஒரு ஊரில் செங்கொடி, அடுத்த ஊரில் போலீஸ் வேன், மூன்றாவது ஊரில் இரண்டும். சர்வேயர் வருகிறான் என்றால் அவன் எங்கே காபி குடிக்கிறான் என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே பக்கிரியம்மா என்று நடவு நடுகிற ஒரு பெண். இருபத்தைந்து வயசு இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. புருஷன் கூலிப் போராட்ட வழக்கில் ஜெயிலில் இருந்தான். தன் குடிசை இருக்கிற மனைக்குப் பட்டா கேட்டு அவள் மனு போட்டிருந்தாள். மிராசுதார் எழுதிக் கொடுத்த பதில் என்ன தெரியுமா? அந்தக் குடிசை என் நிலத்திலேயே இல்லை, வாய்க்கால் புறம்போக்கில் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

என் சர்வீஸில் எத்தனையோ மிராசுதார்களைப் பார்த்தாகிவிட்டது. ஒரு அங்குலத்துக்கு மூன்று கோர்ட் ஏறி இறங்குவார்கள். தன் நிலத்தைத் தன்னுடையது இல்லை என்று சாதித்த ஒரே மனுஷனை அங்கேதான் பார்த்தேன். அந்த அம்மாள் என்னடாவென்றால், இல்லை, இது அவர் நிலம்தான் என்று சாதிக்கிறாள். காரணம் லேசானது. மிராசுதார் நிலமாக இருந்தால் சட்டப்படி மனை அவளுக்கு. வாய்க்கால் புறம்போக்காக இருந்தால் அந்தச் சட்டம் அவளைக் காப்பாற்றாது. ஆக்கிரமிப்பு என்று ஒரு மனு, தூர் வாருகிறோம் என்று நாலு ஆள், குடிசை ஒரே காலையில் காணாமல் போய்விடும். புருஷன் ஜெயிலிலிருந்து வந்து வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

நிலம் மேற்கே, வாய்க்கால் கிழக்கே, நடுவில் தெற்கு வடக்காக எல்லை. அது எங்கே ஓடுகிறது என்று காட்டுவதுதான் என் வேலை. வடக்குக் கோடியில் இருந்த எல்லைக்கல்லை யாரோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். தெற்கே மதகடியில் ஒரே ஒரு பழைய கல் மிச்சம். அந்தக் கல்மேல் கருவியை வைத்து, சூரியனைப் பார்த்து வடக்கு எது என்று கண்டுபிடித்து, பழைய ரிக்கார்டில் உள்ள கோணத்தில் கோடு இழுக்க வேண்டும். நீங்கள் இப்போது பொத்தானை அமுக்கினால் சாட்டிலைட் சொல்லிவிடுகிறது, கொடுத்து வைத்தவர்கள். எங்களுக்குச் சூரியன்தான். சூரியன் இன்ன நேரத்தில் இன்ன திசையில் இருக்கும் என்று அட்டவணை உண்டு. அதனால் வாட்ச் சரியாக இருந்தாக வேண்டும். தொழில்நுட்பம் இவ்வளவு போதும்.

மார்கழிக் கடைசி. முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். எதிரே நிற்கிற ஆள் தெரியாத மூடுபனி. வாட்சைப் பார்த்தால் நாலேகாலில் நின்றிருக்கிறது. முந்தின நாள் சாவி கொடுக்க மறந்து தொலைத்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து மிராசுதார் வீட்டு ஆள் வந்து, பனி விலகுகிற வரைக்கும் உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள் என்றான். போனேன். டபராவில் சூடாகக் காபி வந்தது. கூடத்தில் சுவரோடு ஒரு பெரிய கடிகாரம், பித்தளைப் பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து என் வாட்சுக்குச் சாவி கொடுத்து மணி வைத்துக்கொண்டேன். காபி குடித்ததைக்கூட மன்னிக்கலாம். மணி வாங்கியதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்பதரைக்கு மேல்தான் பனி கிழிந்தது. மதகடியில் கருவியை நிறுத்தி, கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, கண்ணை வைத்தேன். சூரியன் எலுமிச்சம்பழம் மாதிரி தெரிந்தது. மெதுவாக வந்து கருவிக்குள் இருக்கிற குறுக்குக் கம்பியைத் தொட்டது, மேலே ஏறியது, தாண்டிப் போனது. அது போகவில்லை, நான்தான் போகிறேன். மதகு, கல், செயின்மேன், பனியில் நனைந்த வயல், திருவிடைமருதூர்க் கோபுரம் எல்லாம் சேர்ந்து கிழக்கே போகிறோம். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடியில் எனக்கு வேறெதுவும் தோன்றாது. அந்த மயக்கத்திலேயே நேரத்தைப் படித்தேன், செயின்மேன் எழுதிக்கொண்டார், கணக்குப் போட்டேன், கோடு இழுத்தேன்.

நாலு செயின் தூரத்தில், இருநூற்று அறுபது அடியில், பக்கிரியம்மாவின் வீடு. என் கோடு அதன் தென்சுவரில் போய் மோதியது. அங்கே ஒரு முளை. வடசுவருக்கு அப்பால் ஒரு முளை. கயிற்றைப் பிடித்துப் பார்த்தால் வாசற்படி மட்டும் மிராசுதார் நிலத்தில், அடுப்பு, பானை, தூளி எல்லாம் புறம்போக்கில். இந்தப் பக்கம் மிராசுதாரின் காரியஸ்தரும் பண்ணை ஆட்களும் நின்றார்கள். அந்தப் பக்கம் தெரு ஜனம் முழுக்க. மிராசுதார் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். பக்கிரியம்மா குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு என்கிட்டே வந்தாள். கருவியில் பார்த்தபோது கையிலும் பார்த்தீர்களே, மணி என்ன இருந்தது என்று கேட்டாள். ஒன்பது ஐம்பத்தைந்து என்றேன். ஒன்பதே முக்கால் ரயில் அப்போதுதான் கூவிக்கொண்டு போனது என்றாள். ரயில் லேட்டாக வராதா, உனக்கு என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன். அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. மணி எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். பெரிய வீட்டில் என்றேன். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. பக்கிரியம்மாதான் சொன்னாள்.

"அது எங்களை எழுப்புற மணி ஐயா. காலையில முன்னாடி தள்ளி வைப்பாங்க, சாயங்காலம் பின்னாடி இழுத்து வைப்பாங்க. அதப் பாத்துத்தான் தண்டவாளத் துண்டுல அடிச்சு வேலைக்குக் கூப்பிடுவாங்க. ஊருக்கே தெரியுமே. உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. வாட்சைக் கழற்றிச் செயின்மேனிடம் கொடுத்து, ஒரு சைக்கிளை வாங்கி, ரயில் ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வரச் சொன்னேன். அவர் போய் வருகிற வரை அந்தக் கயிற்றுப் பக்கத்திலேயே நின்றேன். குடிசைக்குள்ளே குழந்தையின் தூளிச்சேலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

செயின்மேன் திரும்பி வந்து சைக்கிளை ஸ்டாண்ட் போடாமலே என் காதில் சொன்னார். வாட்ச் பதினோரு நிமிஷம் வேகம். அதோடு இன்னொன்றும் சொன்னார். முளை அடித்தாகிவிட்டது, ஊர் பார்த்தாகிவிட்டது, இப்போது மாற்றினால் செங்கொடிக்குப் பயந்து மாற்றினான் என்பார்கள், காசு வாங்கினான் என்பார்கள், பேசாமல் சாமானைக் கட்டுங்கள், அப்பீலில் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். பெண்டாட்டி பிள்ளைக்காரர், நாலு இடம் அடிபட்டவர்.

பதினோரு நிமிஷம். உங்களுக்குச் சின்னதாகத் தெரியும். பதினோரு நிமிஷத்தில் நம்ம மண் கிழக்கே முந்நூறு கிலோமீட்டர் சுற்றிவிடுகிறது, ஏறக்குறைய இங்கிருந்து மெட்ராஸ் தூரம். சூரியனைச் சுற்றுவதில் இருபதாயிரம் கிலோமீட்டர். இந்த வேகமெல்லாம் எனக்கு மனப்பாடம். அதை நினைத்து நினைத்து வரப்பில் கண்ணை மூடிக்கொண்டு நின்றவன் நான். அந்த வேகத்தை ஒரு கையெழுத்துக்கூட வாங்காமல் அடுத்தவன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்திடம் ஒப்படைத்தவனும் நான்தான். பதினோரு நிமிஷம் என் கோட்டை இரண்டு பாகை திருப்பிவிட்டது. நாலு செயின் தூரத்தில் அது ஒன்பது அடி. ஒன்பது அடியில் ஒரு குடும்பமே படுத்துத் தூங்கும்.

பிள்ளைகளா, இந்த வேலையில் தப்பு செய்யாதவன் கிடையாது. அப்படி ஒருத்தன் சொன்னால் அவன் களத்துக்கே போகாதவன். தப்பைத் தெரிந்துகொண்ட பிறகு வருகிற அரை மணி நேரம்தான் உங்களை யார் என்று சொல்லும். அந்த அரை மணியில் மனசு எத்தனை சாக்குக் கண்டுபிடிக்கும் தெரியுமா! மேலே பார்த்துக்கொள்வார்கள், ரிக்கார்டே தப்பாக இருக்கலாம், ஸ்டேஷன் கடிகாரம் மட்டும் என்ன யோக்கியம். எல்லாம் எனக்கும் தோன்றியது.

எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னேன். என் வாட்ச் தப்பு, என் கோடு தப்பு, நாளைக்கு மறுபடி அளப்பேன். முளைகளை நானே பிடுங்கினேன்.

மிராசுதார் முதல்முறையாக வாயைத் திறந்தார். "செங்கொடியைப் பாத்ததும் வடக்கு மாறிடுச்சா தம்பி?"

ஸ்டேஷன் மணியை வைத்து அளந்தால் அதையும் ஏதாவது சொல்வார் என்று தெரிந்துபோயிற்று. உங்கள் மணியும் வேண்டாம், என் மணியும் வேண்டாம், மணியே இல்லாமல் அளக்கிறேன், எல்லாரும் வந்து உட்கார்ந்து பாருங்கள் என்றேன். அவர் வேண்டுமென்றே அந்தக் கடிகாரத்தைக் காட்டி என்னை ஏமாற்றினாரா என்று பலபேர் கேட்டிருக்கிறார்கள். அப்படி எனக்குத் தோன்றவில்லை. அத்தனை வருஷம் தள்ளித் தள்ளி வைத்து, அது பொய் மணி என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கும்.

மறுநாள் மதகை ஒட்டிய நெற்களத்தில், சாணி மெழுகிய தரையில், ஒரு குச்சியை நட்டு அதைச் சுற்றிக் கயிற்றால் வட்டம் போட்டேன். முன்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு முளை. பிற்பகலில் நிழல் நீண்டு மறுபடி தொடும் இடத்தில் இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு, அதற்குக் குறுக்கே வடக்கு. துல்லியத்துக்காகக் கருவியிலும் இதையே செய்தேன். குச்சி, ஜனங்கள் கண்ணால் பார்ப்பதற்கு.

அந்த நாள் மாதிரி ஒரு நாள் என் சர்வீஸில் அப்புறம் வரவே இல்லை. ஊரே வந்து உட்கார்ந்தது. முதலில் களத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம். மிராசுதாருக்கு நாற்காலி போட்டார்கள். வெயில் இதமாக இருந்தது. முற்றின நெல்லின் வாசனை. கண் எல்லாம் நிழல் நுனியில். பார்த்துக்கொண்டிருந்தால் அது நகர்வது தெரியாது. கொட்டாவி விட்டுத் திரும்பிப் பார்த்தால் நகர்ந்திருக்கும். போகப்போகச் சத்தம் அடங்கிவிட்டது. நிழல் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போய்க் குந்தினான். காரியஸ்தர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் இருந்தவனுக்கு நீட்டிவிட்டு, அப்புறம்தான் யாருக்கு நீட்டினோம் என்று பார்த்தார். அவனும் எடுத்துக்கொண்டான்.

சூரியன் நிற்கிறது, நாம்தான் போகிறோம் என்றேன். எவ்வளவு வேகம் என்று மிராசுதாரே கேட்டார். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். இதற்குள் கும்பகோணத்திலிருந்து கிளம்பித் தஞ்சாவூரையும் தாண்டியிருப்போம் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் தரையில் கையை ஊன்றிக்கொண்டார். மிராசுதார் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிற்பகலில் நிழல் வட்டத்துக்கு நாலு விரற்கடை இருக்கும்போது மேகம் மூடிவிட்டது. நிழலே இல்லை. நாள் பூராவும் பார்த்தது வீண் என்றே நினைத்தேன். பக்கிரியம்மா வானத்தைப் பார்க்கவில்லை, குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கால் மணி நேரம் அப்படியே போயிற்று. பிறகு வெயில் பளிச்சென்று விழுந்தது. நிழல் நுனிக்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு நெல் கிடக்கிற இடம்தான் இருந்தது. தொட்டதும் ஜனங்கள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

புதுக்கோடு அவள் வீட்டுப் பின்சுவருக்கு அப்பால் ஒரு முழம் தள்ளி, வாய்க்கால் கரையில் விழுந்தது. வீடு முழுக்க மிராசுதார் நிலத்தில். அதாவது அவள் நிலத்தில்.

ரிப்போர்ட்டில் என் தப்பை மறைக்காமல் எழுதினேன். மெமோ வந்தது. பிறகு வேதாரண்யம் உப்பளத்துக்கு மாற்றினார்கள். மூன்று வருஷம் உப்புக் காற்றில் கருவிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு கிடந்தேன். இன்னொருதரம் அந்த மதகடிக்குப் போனாலும் அதைத்தான் செய்வேன். அவளுக்குப் பட்டா கிடைத்தது என்று செயின்மேன் கார்டு போட்டிருந்தார். ஆனால் நான் உங்களிடம் சொல்ல நினைப்பது கல் நட்ட அந்தச் சாயங்காலத்தை.

ஜனங்கள் கலைந்துவிட்டார்கள். வாய்க்கால் கரையில் நானும் செயின்மேனும் குழி வெட்டிக் கல்லை இறக்கிக்கொண்டிருந்தோம். பக்கிரியம்மா சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு பார்த்தாள். மத்தியானம் சொன்னீர்களே, பூமி அந்த ஓட்டம் ஓடுகிறதென்று, அது நிஜம்தானா என்று கேட்டாள். நிஜம்தான் என்றேன். இப்போதுமா என்றாள். இப்போதும்தான் என்றேன். வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க வேணா போகட்டும் ஐயா. எம்மாம் வேகமா வேணா போகட்டும். என்னை மட்டும் நடுவழியில எறக்கி விடாம போனா போதும்."

கல்லைச் சுற்றி மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து மிதித்து இறுக்கினேன்.